காதுக்கு எட்டாத ஊளை

பழைய அனலாக் மிக்சரில் ஐசி மாற்றுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. மாற்றிய பிறகு ஸ்கோப் வைத்துப் பார்ப்பவர்கள் ஒரு வகை, பாட்டுப் போட்டுக் கேட்பவர்கள் இன்னொரு வகை. எனக்கு ஃபோன் வருவது பெரும்பாலும் இரண்டாவது வகையிடமிருந்துதான்.

சாலிகிராமத்தில் ஒரு ரெக்கார்டிங் தியேட்டர். 24 சேனல் கன்சோல், எண்பதுகளில் இங்கிலாந்தில் செய்தது. சினிமா வேலையெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போன பின்பும் முதலாளிக்கு அதை விற்க மனம் வரவில்லை. நாதஸ்வரம், தவில், பக்திப் பாடல் என்று வருகிற பதிவுகள் அதன் வழியாகத்தான் போகும். சேனலுக்கு ஆறு வீதம் 144 ஐசி. எல்லாமே டிஎல்072, ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு ஆப்-ஆம்ப். மாஸ்டர் பகுதி தனி. அங்கே வேலை பார்த்த இளம் இன்ஜினியர், பதிவு இல்லாத நாட்களாகப் பார்த்து அத்தனையையும் கழற்றி, சாக்கெட் வைத்து, எல்எம்4562 போட்டிருந்தார். சால்டரிங் பளிச்சென்று இருந்தது. ஒரு டிராக் கூடப் பெயரவில்லை. அந்தக் கால போர்டில் அது சாதாரண விஷயமில்லை.

"ஸ்பெக் பாருங்கண்ணே. டிஎல்072 மூணு மெகாஹெர்ட்ஸ், இது அம்பத்தஞ்சு. பதினெட்டு மடங்கு வேகம். நாய்ஸ் ஆறுல ஒரு பங்குகூட இல்ல. இதப் போட்டா கெட்டுப்போகும்னு யாராவது சொல்லுவாங்களா?"

நான் சொல்வேன். அன்றைக்கு வாயைத் திறக்காமல் முதலில் கேட்டேன்.

பெரிதாகக் கேட்க ஒன்றுமில்லை, இந்தக் கோளாறின் குணமே அதுதான். பாட்டு வந்தது. பாடுகிறவரின் 'ச', 'ஷ' வருகிற இடங்களில் மட்டும் ஒரு சொரசொரப்பு. தவிலின் வலந்தலையில் விழுகிற அடி நைந்து கேட்டது. பாட்டை நிறுத்தி, ஃபேடர்களை இறக்கி, மானிட்டர் வால்யூமை ஏற்றினால் ஹிஸ்ஸுக்கு நடுவே மெல்லிசாக ஒரு விசில். ஏழாவது சேனல் ஃபேடரை அசைத்தால் விசில் ஏறி இறங்கியது. கையை எடுத்தால் வேறொரு சுருதியில் போய் நின்றது.

காட்டிக்கொடுத்தது அந்த விசில்தான். ஒரு ஆப்-ஆம்ப் நான்கு மெகாஹெர்ட்ஸில் ஊளையிட்டால் மனிதக் காதுக்கு அது கிடையவே கிடையாது. நமக்கு 20 கிலோஹெர்ட்ஸோடு சரி. இரண்டு ஆப்-ஆம்ப் ஊளையிட்டால்? ஒன்று 40,00,000 ஹெர்ட்ஸ், மற்றது 40,03,000 என்று வைத்துக்கொள்வோம். எங்காவது ஓரிடத்தில் இரண்டும் கலந்தால், வித்தியாசமான 3,000 ஹெர்ட்ஸ் விசிலாக வெளியே வரும். ஃபேடரை அசைக்கும்போது ஒன்றின் மேல் விழுகிற சுமை மாறுகிறது, அதன் அலைவரிசை நகர்கிறது, விசிலும் கூடவே நகர்கிறது. ஃபேடரோடு நகரும் விசிலைக் கேட்டால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம், மூடியைக் கழற்றலாம்.

பையன் சும்மா இருந்துவிடவில்லை. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஒவ்வொரு அவுட்புட்டாகப் பார்த்திருந்தார். பூஜ்ஜியம். கையடக்க மீட்டர் பலவும் சில கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒழுங்காகப் படிக்காது. 96 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் பதிந்து கம்ப்யூட்டரில் ஸ்பெக்ட்ரம் போட்டிருந்தார். அதுவும் சுத்தம். 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதையெல்லாம் ஆடியோ இன்டர்ஃபேஸின் ஃபில்டர் வாசலிலேயே நிறுத்திவிடும். கடைசியில் எர்த் லூப் என்று முடிவு கட்டி, பேட்ச்பே கேபிள்களைப் பாதி பிரித்துப் போட்டிருந்தார். ஸ்டுடியோவில் எது வந்தாலும் எர்த் லூப் மேல் பழி போடுவது ஊர் வழக்கம்.

இந்த வேட்டையில் என் முதல் கருவி விரல். கன்சோலைப் போட்டுக் கால் மணி நேரம் காத்திருந்து ஐசிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பேன். எல்எம்4562 சும்மா இருக்கும்போதே 10 மில்லிஆம்பியர் இழுக்கும். டிஎல்072 இழுப்பது 3-க்குள். ஆகவே வெதுவெதுப்பு இயல்புதான். பக்கத்துச் சிப்பில் தாங்குகிற விரல் இதில் தாங்கவில்லை என்றால் அங்கே ஒரு புள்ளி வைத்துக்கொள்வேன். அந்தக் கணக்கையே கன்சோல் முழுக்கப் போட்டுப் பாருங்கள். சேனல்கள் மட்டும் முன்பு ரெயிலுக்கு 0.4 ஆம்பியர், இப்போது 1.4. பவர் சப்ளை பெட்டியைச் செய்தவர் முதல் கணக்குக்குத்தான் செய்திருப்பார். ஹீட் சிங்கில் கை வைக்க முடியவில்லை.

இரண்டாவது கருவி, மீடியம் வேவும் ஷார்ட் வேவும் எடுக்கிற பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ. மீடியம் வேவில் சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸைத் தாண்டி, ஸ்டேஷன் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, திறந்த கன்சோல் மேல் நகர்த்துவேன். பிறகு ஷார்ட் வேவில் மெதுவாகத் திருகுவேன். ஊளையிடுகிற மாட்யூலுக்கு நேராக வரும்போது, முள் அந்த அலைவரிசையில் இருந்தால், ரேடியோவின் இரைச்சல் சட்டென்று அடங்கும். ஸ்டேஷன் கிடைத்தது என்று ரேடியோ நினைத்துக்கொள்கிறது. அன்றைக்கு ஏழு, எட்டு, பதினொன்று, அப்புறம் மாஸ்டர் பகுதியின் இடது ஓரம் ஆகிய இடங்களில் அடங்கியது. பையன் ரேடியோவை வாங்கித் தானே ஒரு முறை ஓட்டிப் பார்த்தார்.

மூன்றாவதுதான் ஸ்கோப். ப்ரோப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் ஒன்று, பத்து என்று ஒரு சுவிட்ச் இருக்கும். ஒன்றில் வைத்தால் கேபிளோடு சேர்ந்து 100 பிகோஃபாரட் சுமையைக் கொண்டுபோய் சர்க்யூட்டில் மாட்டுகிறீர்கள். நன்றாக இருக்கிற ஆப்-ஆம்ப் அதனால் ஊளையிடலாம், ஊளையிடுகிறது அடங்கியும் போகலாம். பத்தில் வைத்தால் 10, 15 பிகோஃபாரட்தான். கிரவுண்டு கிளிப்பின் நீள ஒயரையும் கழற்றிவிட்டு, முனையில் சுற்றுகிற குட்டி ஸ்பிரிங்கைப் போட வேண்டும். அந்த ஒயரே சில மெகாஹெர்ட்ஸில் ஆன்டெனா வேலை பார்க்கும்.

ஏழாவது சேனலில் 10 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையைக் கொடுத்து, ஈக்யூ ஐசியின் ஏழாம் காலில் ப்ரோப் வைத்தேன். அலை ஒழுங்காக ஏறி இறங்கியது. மேல் வளைவில் மட்டும் கோடு தடித்திருந்தது. டைம் பேஸைத் திருகி அந்தத் தடிப்பை விரித்தால் உள்ளே இன்னொரு அலை, ஏறக்குறைய நான்கு மெகாஹெர்ட்ஸ். அவுட்புட் ஒரு குறிப்பிட்ட வோல்ட்டைத் தாண்டும்போது மட்டும் எழுந்து, இறங்கும்போது செத்துப்போகிறது. 'ச'-வில் சொரசொரப்பு ஏன் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. அமைதியான இடத்தில் சுத்தமாக இருந்து, ஓசை உச்சிக்குப் போகும்போது மட்டும் கரகரக்கும் கன்சோல் என்றால் நான் முதலில் தேடுவது இந்தத் தடிப்பைத்தான்.

ஏன் ஊளையிடுகிறது என்று பையன் கேட்டார். ஆப்-ஆம்ப் என்பது தன் அவுட்புட்டைத் திருப்பி இன்புட்டில் கழித்துக்கொண்டே தன்னை அடக்கிக்கொள்கிற சமாசாரம். கழிக்க வேண்டியது வந்து சேர ஒரு தாமதம் உண்டு. குறைந்த அலைவரிசையில் அந்தத் தாமதம் ஒரு பொருட்டில்லை. அலைவரிசை ஏற ஏற, தாமதம் அலையின் பாதி நீளத்துக்குச் சமமாகிற ஓரிடம் வரும். அங்கே கழித்தல் கூட்டலாகிவிடும். அந்த இடத்திலும் சுற்றில் பெருக்கம் ஒன்றுக்கு மேல் மிச்சமிருந்தால், தன் வாலைத் தானே துரத்தத் தொடங்கிவிடும். 1965-இல் பாப் விட்லர் ஃபேர்சைல்டில் செய்த 709 ஐசியை வாங்கியவர்கள், இதைத் தடுக்க வெளியே கண்டென்சரும் ரெசிஸ்டரும் கணக்குப் போட்டு மாட்ட வேண்டியிருந்தது. 1968-இல் அதே கம்பெனியில் டேவ் ஃபுல்லகர் செய்த 741-இல் 30 பிகோஃபாரட் கண்டென்சர் சிப்புக்குள்ளேயே வந்துவிட்டது. மேலே போகப்போகப் பெருக்கத்தை அது வேண்டுமென்றே குறைத்துவிடும். வேகம் ஒரு மெகாஹெர்ட்ஸ்தான், ஆனால் யார் எப்படி மாட்டினாலும் அநேகமாக ஊளையிடாது. 741 உலகம் முழுக்க விற்றதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. டிஎல்072, எல்எம்4562 இரண்டுக்கும் உள்ளே இந்த ஏற்பாடு இருக்கிறது. ஆனால் கம்பெனி பொறுப்பேற்பது சிப்புக்குள் இருக்கிற தாமதத்துக்கு மட்டும். வெளியே போர்டும் ஒயரும் சேர்க்கிற தாமதம் நம் தலையில்.

அந்தக் கன்சோலில் டிஎல்072 முப்பது வருஷத்துக்கு மேல் குடியிருந்தது. காது மந்தமான குடித்தனக்காரர்; தெருவில் மெகாஹெர்ட்ஸில் என்ன ரகளை நடந்தாலும் அவர் பாட்டுக்குத் தூங்குவார். புதிதாக வந்தவருக்குப் பாம்புச் செவி. ரகளை புதிதல்ல, கேட்கிற ஆள்தான் புதிது.

முதல் ரகளை பவர் ரெயிலில். பவர் சப்ளையிலிருந்து வருகிற பிளஸ் 17, மைனஸ் 17 வோல்ட் ஒரு ரிப்பன் கேபிளில் கன்சோலின் நீளத்துக்கும் ஓடுகிறது. ஒரு மீட்டர் ஒயருக்கு ஏறக்குறைய ஒரு மைக்ரோஹென்றி இண்டக்டன்ஸ். ஆடியோவுக்கு அது வெறும் கம்பி. 10 மெகாஹெர்ட்ஸில் அதுவே 60 ஓமுக்கு மேல் தடுக்கும். அதைச் சமாளிக்க ஒவ்வொரு மாட்யூலிலும் ரெயிலுக்கு ஒரு 47 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக், அவ்வளவுதான். ஐசி பக்கத்தில் டிஸ்க் கண்டென்சர் ஒன்றுகூட இல்லை. அந்தக் காலத்தில் அந்த விலைக்கு அப்படித்தான் செய்தார்கள், டிஎல்072-க்கு அது போதுமாகவும் இருந்தது. நான் கழற்றிப் பார்த்த எலக்ட்ரோலிட்டிக்குகள் உள்ளே காய்ந்துபோயிருந்தன.

எலக்ட்ரோலிட்டிக் முழுவதையும் மாற்றச் சொன்னேன். கூடவே ஒவ்வொரு ஐசிக்கும் ஒரு 104 டிஸ்க், போர்டின் அடிப்பக்கத்தில், நாலாம் காலுக்கும் எட்டாம் காலுக்கும் நேராக, கால்களை ஒட்ட வெட்டி. பையன் ரெயிலுக்கு ஒன்றாக இரண்டு வைத்து, இரண்டையும் கிரவுண்டுக்கு இழுக்கலாம் என்றார். புத்தகத்தில் அப்படியும் போட்டிருக்கும். ஆனால் இந்த மாட்யூலில் கிரவுண்டு என்பது ஒரே ஒரு மெல்லிய டிராக், அதே டிராக்கில்தான் ஆடியோவும் உட்கார்ந்திருக்கிறது. ரெயிலின் அழுக்கை அங்கே கொட்டினால் ஊளை போய் ஹம் வரும். ரெயிலுக்கு ரெயில் நேராக வைத்தால் அழுக்கு அங்கேயே சுற்றிக்கொள்ளும், கிரவுண்டுக்குத் தெரியாது. ஏழாவது சேனலில் அப்படி வைத்ததும் ஸ்கோப்பில் தடிப்பு மறைந்தது.

எட்டும் பதினொன்றும் அடங்கவில்லை. அந்த இரண்டில் மட்டும் இன்சர்ட் கேபிள் பேட்ச்பே வரைக்கும் போயிருந்தது, சுவரோரமாக வளைந்து எட்டு மீட்டர். மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்றால் 800 பிகோஃபாரட், நேராக ஆப்-ஆம்பின் அவுட்புட் காலில் தொங்குகிறது. கன்சோலைச் செய்தவர் அங்கே ஒரு ரெசிஸ்டரைக்கூட நடுவில் வைக்கவில்லை. இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃபீட்பேக் எடுத்த இடத்துக்கு வெளியே ஜாக்கோடு தொடராக ஒரு 100 ஓம் வைத்தால் முடிந்தது. வைத்தோம்.

மாஸ்டர் பகுதிதான் சுவாரசியம். மிக்ஸ் பஸ் என்பது 24 சேனலும் வந்து சேர்கிற ஒற்றை ஒயர். ஒவ்வொரு சேனலும் 22 கிலோஓம் வழியாக அதில் இறங்குகிறது. மறுமுனையில் சம்மிங் ஆம்ப், அதன் ஃபீட்பேக்கிலும் 22 கிலோஓம். ஒரு சேனலின் சிக்னலுக்கு அந்த ஆம்ப் தருகிற பெருக்கம் ஒன்றுதான். ஆனால் அதன் சொந்த இரைச்சலுக்கு 24 சேனலும் இணையாக நிற்கிற சுமை தெரியும், ஆகவே பெருக்கம் 25. ஊளைக்கணக்கிலும் இந்த 25-ஐத்தான் எடுக்க வேண்டும். மூன்று மெகாஹெர்ட்ஸ் டிஎல்072-ஐ 25-ஆல் வகுத்தால் 120 கிலோஹெர்ட்ஸ், அதோடு அதன் ஆட்டம் ஓய்ந்துவிடும். 55-ஐ வகுத்தால் 2.2 மெகாஹெர்ட்ஸ்.

இப்போது அந்த பஸ் ஒயரைப் பாருங்கள். கன்சோலின் அகலத்துக்கு ஓடி, 24 மாட்யூலிலும் கிரவுண்டை உரசிக்கொண்டு போகிறது. மீட்டரை வைத்து அளந்தேன், ஏறக்குறைய 500 பிகோஃபாரட். 24 சேனலின் 22 கிலோஓமும் ஃபீட்பேக்கின் 22 கிலோஓமும் இணையாகச் சேர்ந்தால் 880 ஓம். அந்த 880 ஓமும் 500 பிகோஃபாரட்டும் சேர்ந்து 360 கிலோஹெர்ட்ஸில் ஒரு புதுத் தாமதத்தை உண்டாக்குகின்றன. 120-இலேயே ஓய்ந்துவிடுகிற சிப் 360-இல் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதே இல்லை. 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடப் பார்க்கிற சிப் வழியில் அதில் முட்டிக்கொள்கிறது. இந்தத் தாமதம் ஒன்றே ஊளைக்குப் போதாது, விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தும். ரெயில் பிரச்சினையும் சேர்ந்தபோது விழுந்துவிட்டது. 104 டிஸ்க் வைத்த பின் மாஸ்டரில் தொடர்ந்த ஊளை நின்றது. ஆனால் 10 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையைக் கொடுத்தால் ஒவ்வொரு மூலையிலும் நாலைந்து சிற்றலை அடித்துத்தான் ஓய்ந்தது. அந்த நிலையில் பையன் வேலை முடிந்தது என்று மூடியை எடுத்தார். விசில் போய்விட்டது, பாட்டு நன்றாகத்தான் கேட்டது.

மூட விடவில்லை. மூலையில் சிற்றலை அடிக்கிற சர்க்யூட், மே மாத வெயிலில் ஏசி ஒரு மணி நேரம் நின்றுபோனால் எந்தப் பக்கம் சாயும் என்று யாரும் சொல்ல முடியாது. ஃபீட்பேக் 22 கிலோஓமுக்கு இணையாக 47 பிகோஃபாரட் ஒன்றை வைத்தோம். அது தாமதத்தை ஈடுகட்டும், பதிலுக்கு பஸ்ஸின் மேல் எல்லையை 154 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கும். கேட்கிற காதுக்கு அதில் நஷ்டம் எதுவும் இல்லை. சதுர அலையின் மூலை இலேசாக உருண்டு நின்றது. எனக்கு அந்த உருண்ட மூலைதான் பிடிக்கும். விளம்பரத்தில் கூர்மையான மூலையைப் படம் போட்டுக் காட்டுகிறவர்கள், எந்தச் சுமையில் எடுத்த படம் என்று சொல்வதில்லை.

சிப் போலியாக இருக்குமோ என்று முதலாளிக்கு ஒரு சந்தேகம். நியாயமான சந்தேகம். ரிச்சி தெருவில் அசலும் கிடைக்கும், மேலெழுத்தை அழித்து வேறு பெயர் அச்சிட்டதும் கிடைக்கும். அசிட்டோன் நனைத்த பஞ்சால் தேய்த்தால் எழுத்து கையோடு வருகிற சிப்புகளை நான் பார்த்திருக்கிறேன். இவை அசல். இழுத்த மின்னோட்டமே சொன்னது. சாக்கெட்டுகளைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. தகட்டு முனை கொண்ட மலிவு ரகம், நம் ஊர் ஈரக் காற்றில் வருஷம் போகப்போகக் கறுக்கும்.

அப்புறம் பேரம். 144-ஐயும் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றால் பவர் சப்ளையைப் பெரிதாக்க வேண்டும். முதலாளிக்கு அதில் விருப்பமில்லை. எனக்கும் அவசியம் தெரியவில்லை. ஈக்யூ, ஃபேடருக்குப் பின்னால் வருகிற ஐசி எல்லாம் பழைய டிஎல்072-க்கே திரும்பட்டும் என்றேன். அதன் இன்புட் மின்னோட்டம் பிகோஆம்பியர் கணக்கு, பாட் திருகினால் கரகரக்காது. அங்கே 5532 போடலாமே என்று சிலர் சொல்வார்கள். அதற்கு 200 நேனோஆம்பியர் வேண்டும். 100 கிலோஓம் பாட்டில் அது 20 மில்லிவோல்ட் டிசியாக உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு திருகலுக்கும் சத்தம் போடும்.

மாஸ்டரில் மட்டும் எல்எம்4562 இருக்கட்டும் என்றேன். அங்கே இரைச்சல் 25 மடங்கு பெருகுகிறது, நல்ல சிப்புக்கு வேலை இருக்கிற இடம். உள்ளபடி சொன்னால் அங்கேயும் 5532 போட்டிருந்தாலே ஆதாயத்தில் பெரும்பங்கு குறைந்த விலையில் கிடைத்திருக்கும். வாங்கியது வாங்கியாகிவிட்டது.

எல்லாம் முடிந்த பின் பையன் தானே அளந்தார். ஃபேடர் அத்தனையும் கீழே, டிஎல்072 போட்டபோது பஸ் இரைச்சல் மைனஸ் 81 டிபியு பக்கம், இப்போது மைனஸ் 92-ஐத் தாண்டியது. பதினோரு டெசிபல். முகம் மலர்ந்தது. அப்புறம் மைக் மாட்டி 24 ஃபேடரையும் மேலே ஏற்றி அளந்தார். மைக் ப்ரீஆம்ப்களின் ஹிஸ் மேலே ஏறி வந்து அந்தப் பதினொன்றையும் விழுங்கிவிட்டது. இரண்டு சிப்புக்கும் வித்தியாசம் காணவில்லை.

"அப்போ எப்பண்ணே இதோட பலன் தெரியும்?"

"எல்லா ஃபேடரையும் இறக்கி வெச்சுக் கச்சேரி பண்ணினா நல்லாத் தெரியும் தம்பி."

முதலாளி சிரித்தார். பையனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பவர் சப்ளை பெட்டி இன்னும் திறந்தபடியே கிடந்தது. அதில் இருந்த பெரிய கண்டென்சர்களும் கன்சோலின் வயசுதான். 105 டிகிரி ரகமாகப் பார்த்து வாங்கிவரச் சொல்லி, மதிப்பையும் வோல்ட்டையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.